இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையா? எங்கே காத்திருக்கக் கூடாது, எங்கே காத்திருக்க வேண்டும்

என் இரண்டாவது மகனுக்கு இரண்டு வயது முடிந்தபோது அவனிடம் இருந்தது மொத்தம் ஐந்து சொற்கள். ம்மா, தா, காக்கா, பூம் (எந்த வண்டியாக இருந்தாலும்), அப்புறம் "ஈ" என்று ஒன்று. அது இட்லியா, நிஜமாகவே ஈயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூத்தவள் அதே வயதில் வாசலில் போகிற தயிர்க்காரம்மாவை நிறுத்திவைத்து வம்பளந்தவள் என்பதால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டில் சொன்னதெல்லாம் உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும். "அவங்கப்பனே மூணு வயசு வரைக்கும் வாயத் திறக்கலை, இப்ப நிறுத்த முடியுதா?" என்றார் என் அத்தை. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருபடி மேலே போய், குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலைம்மா, திருச்செந்தூர் கூட்டிட்டுப் போனாங்க, பாட்டாவே பாடிட்டார் என்றார். நாங்களும் திருச்செந்தூர் போனோம். போய் வந்த அடுத்த வாரம் காது பரிசோதனைக்கும் போனோம். இரண்டையும் செய்யலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. சாமி கும்பிட்டாச்சு என்று பரிசோதனையை ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

பேச்சு தாமதமாகும் குழந்தைகளில் நிறையப் பேர் பிறகு தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான், அத்தை சொன்னது பொய்யில்லை. ஆனால் இரண்டு வயதில் இருக்கும் ஒரு குழந்தையைப் பார்த்து இவன் தானாகப் பேசிவிடுவான், இவன் மாட்டான் என்று யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. தானாகப் பேசியிருக்கக்கூடிய குழந்தையைப் பரிசோதித்தால் போவது ஒரு நாள். உதவி தேவைப்பட்ட குழந்தையை விட்டுவிட்டால் போவது வருடங்கள்.

நான் பார்த்தவரை நாம் காத்திருப்பதில்தான் கோளாறு. மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னால் சரி சரி என்று காத்திருக்கிறோம். ஆனால் குழந்தையிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு அவன் பதிலுக்குப் பத்து நொடி காத்திருக்கச் சொன்னால் நம்மால் முடியவே முடியாது. இதைத் தலைகீழாக்க வேண்டும். பத்து நொடி கதை கீழே வருகிறது, முதலில் மாதக் கணக்கை முடித்துவிடுவோம்.

நோட்டுப் போட்டு எண்ணுங்கள்

"கொஞ்சம் பேசுவான்" என்று டாக்டரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள். குழந்தை தானாக, அதே பொருளுக்கு, திரும்பத் திரும்பச் சொல்லும் சத்தம் எல்லாம் சொல்தான். தண்ணீருக்கு எப்போதும் "தத்தி" என்றால் அது ஒரு சொல். மாட்டைப் பார்த்து "ம்ம்மா", வண்டிக்கு "பூம்" எல்லாம் கணக்கில் சேரும். நீங்கள் சொல்லச் சொல்லி அவன் கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னது சேராது. வீட்டில் இரண்டு மொழி என்றால் இரண்டிலும் உள்ளதைக் கூட்டுங்கள்.

பொதுவான கணக்கு இது. ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் "பபப", "ததத" என்ற சத்தம் வரும். ஒரு வயதையொட்டி முதல் சொல். இரண்டு வயதில் ஐம்பது சொல் அளவில், கூடவே "பால் தா", "அப்பா வா" என்று இரண்டைச் சேர்க்கிற பேச்சு. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2022-ல் தன் பட்டியலைத் திருத்தியபோது ஐம்பது சொல் என்பதை 30 மாதத்தில் வைத்தது. அதைப் பார்த்து "ஓஹோ, இன்னும் ஆறு மாசம் இருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். நான்கில் மூன்று குழந்தைகளாவது எட்டிவிடும் வயதாகப் பார்த்து அந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார்கள். எனவே அதிலும் தவறினால் உடனே கேட்க வேண்டும் என்றுதான் பொருள்.

எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. ஒரு வயதாகியும் மழலைச் சத்தமே இல்லை, டாட்டா காட்டுவதில்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போவது. "முன்னாடி சொல்லிட்டு இருந்தான், இப்ப சொல்றதில்ல" என்றால் அடுத்த தடுப்பூசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஆண் பிள்ளைக்குத் தனிக் கணக்கு கிடையாது. பையன்கள் சராசரியில் கொஞ்சம் பின்னால்தான், ஆனால் அது ஏதோ சில வாரம், ஒரு மாதம். ஒரு வருடத்தை அதில் மறைக்க முடியாது.

சொல் எண்ணுவது பாதி வேலைதான். அவனுக்கு எவ்வளவு புரிகிறது என்பது மீதி, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாதி. "எல்லாம் புரியும்ங்க, பேச மட்டும்தான் மாட்டான்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, செருப்பைப் பார்க்காமல், அவன் முகத்தை மட்டும் பார்த்து "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லச் சொன்னார். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். தினமும் வாசல் பக்கம் கை நீட்டி, தலையை ஆட்டி, பையை மாட்டிக்கொண்டு நான் சொன்னதால் அவன் ஊகித்துக்கொண்டிருந்தான், சொல்லே அவனுக்குத் தெரியவில்லை. இந்தச் சோதனையை வீட்டில் செய்து பாருங்கள். ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தை, கை ஜாடை இல்லாமல் இப்படி ஒரு சின்ன வேலையைச் செய்ய வேண்டும். பேச்சும் குறைவு, புரிதலும் குறைவு என்றால் அது பேச்சு மட்டும் குறைவதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது.

காது, எல்லாவற்றுக்கும் முன்னால் காது

குக்கர் விசில் அடித்தால் திரும்புகிறான், சிப்ஸ் பாக்கெட் சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான், காது நல்லாத்தான் கேட்குது. இந்த வாதத்தை நம்பாதீர்கள். குக்கர் விசில் காது பாதி கேட்காதவருக்கும் கேட்கும். பேச்சில் உள்ள ச, ஸ, த, ப போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் தொலையும். பக்கத்து அறையில் ஓடும் டிவியை நாம் கேட்கிற மாதிரி, ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. அப்படிக் கேட்டு எந்தக் குழந்தை மொழி கற்கும்?

பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் காது பார்த்தாச்சு, பாஸ் என்று சொன்னார்கள் என்றாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சின்னக் குழந்தைகளுக்கு மிகவும் சகஜம், வலியும் இருக்காது, சீழும் வடியாது, வெளியே ஒன்றும் தெரியாது. என் மகனுக்கு இரண்டு காதிலும் அதுதான் இருந்தது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும் என்பதால் டாக்டர் காத்திருந்து மறுபடி பார்ப்பார். வற்றாவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார். எங்களுக்கு வற்றிவிட்டது. ஆனால் காது சரியான மறுநாளே அவன் பேசிவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனைகளில் ஓ.ஏ.ஈ. என்பது காதுக்குள் ஒரு சின்ன முனையை வைத்துச் சில நிமிடத்தில் முடிப்பது. பெரா என்பது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, ஒலி போகும்போது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் பதிலை அளப்பது. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். இங்கே ஒரு அனுபவக் குறிப்பு: பெராவுக்குப் போகும் நாள் தலைக்குக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வைக்காதீர்கள். நம் வீடுகளில் வெளியே கிளம்பினாலே எண்ணெய் தேய்த்து வழித்து வாரிவிடுவோம், அதில் வயர் ஒட்டாது. காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், வழியில் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ தூங்கவிடாதீர்கள், அவன் கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துணி ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள். நாங்கள் முதல் தடவை பஸ்ஸில் தூங்கவிட்டு, அங்கே போய் மூன்று மணி நேரம் தாலாட்டி, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தோம்.

உண்மையிலேயே கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தால் ஒரு நாளும் வீணாக்காதீர்கள். காது மெஷின், தேவைப்பட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே அந்த அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பலன் என்பதால் ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

யாரிடம் போவது

முதலில் குழந்தை மருத்துவர். போவதற்கு முன் ஃபோனில் இரண்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பிடும்போது ஒன்று, விளையாடும்போது ஒன்று, இரண்டிரண்டு நிமிடம் போதும். கிளினிக்கில் எந்தக் குழந்தையும் வாய் திறக்காது, அல்லது அழும். நோட்டும் வீடியோவும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

காசு ஒரு தடையாக இருந்தால் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி., அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே பார்க்கும் மாவட்ட மையம், எங்கே என்று கேளுங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் வருகிற மையம் அது, பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. பேச்சு மொழித் தாமதம் அவர்கள் பட்டியலிலேயே இருக்கிறது. அங்கன்வாடி டீச்சரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொன்னாலும் வழி காட்டுவார்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவை, ஈரோடு, ஓசூர்க்காரர்களுக்கு மைசூரும் ரொம்பத் தூரமில்லை, அங்கே 1965-லிருந்து பேச்சுக்கும் காதுக்கும் என்றே இயங்கும் அகில இந்திய நிறுவனம் இருக்கிறது.

ஆட்டிசமா என்ற கேள்வி எல்லார் மனதிலும் ஓடும், வாய்விட்டுக் கேட்கத்தான் பயம். பேச்சு தாமதம் என்றாலே ஆட்டிசம் கிடையாது. வேறு சிலவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? எதையாவது கேட்க மட்டும் விரல் நீட்டுகிறானா, இல்லை "அதோ பார் நிலா" என்று உங்களுக்குக் காட்டி மகிழவும் நீட்டுகிறானா? இந்த இரண்டாவது நீட்டல் ரொம்ப முக்கியமானது. காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு, டாக்டரே தருவார். அது முடிவு சொல்வதில்லை, மேலே பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். இங்கே கவனிக்க வேண்டியது, இன்ன குறை என்று டாக்டர் பெயர் வைத்த பிறகுதான் பயிற்சி என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. கீழே சொல்லப்போவது எந்தக் குழந்தைக்கும் பொருந்தும், இன்று சாயங்காலமே தொடங்கலாம்.

வீட்டில் என்ன செய்வது

முதலில் நிறுத்த வேண்டியதைச் சொல்கிறேன். பரீட்சை வைப்பதை நிறுத்துங்கள். "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு கண்ணா. மாமாவுக்குச் சொல்லிக் காட்டு. பூனை சொல்லு, பூஊஊனை." ஒரு நாளைக்கு இப்படி எத்தனை கேள்வி கேட்கிறோம் என்று ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தேன், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பேச்சு வராத குழந்தைக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு தோல்வி. அவன் வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்வான்.

கேள்விக்குப் பதிலாக, நடப்பதைச் சொல்லுங்கள். தோசை சுடும்போது அவனைத் தள்ளி, பத்திரமாக, கல் தெரிகிற உயரத்தில் உட்கார வைத்துவிட்டு: "மாவு. ஊத்து. சொய்ங்ங்ங்! தோசை. திருப்பு. அப்பா, சூடு! ஊது, ஊது." இவ்வளவுதான். நீளமான வாக்கியம் வேண்டாம், "இப்ப அம்மா என்ன பண்ணப் போறேன்னா" என்கிற டிவி சமையல் நிகழ்ச்சியும் வேண்டாம். குழந்தை ஒரு சொல்லும் பேசாவிட்டால் நீங்கள் ஒன்றிரண்டு சொல்லில் பேசுங்கள், அவன் ஒன்று பேசினால் நீங்கள் இரண்டு மூன்று. எப்போதும் ஒரு படி மேலே, மாடி மேலே இல்லை.

அவன் "தத்தி" என்றால் "தத்தி இல்லடா, தண்ணி, சொல்லு தண்ணி" என்று திருத்தாமல், "ஆமா, தண்ணி. ஜில்லுத் தண்ணி" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சரியான உச்சரிப்பும் காதில் விழுந்தது, அடுத்த சொல்லும் கிடைத்தது, அவன் கேட்டதும் கிடைத்தது. இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மம்மு, ஜோ, உவ்வா, சீச்சி, டாட்டா. இந்தக் குழந்தைச் சொற்களைப் பேசினால் பிள்ளை கெட்டுப்போகும், நேராகப் பெரியவர்கள் பேச்சையே பேசுங்கள் என்று ஒரு அறிவுரை சுற்றுகிறது. நான் அதை ஏற்கவில்லை. உதட்டாலும் நாக்கு நுனியாலும் எளிதாக வரும் ஒலிகள், சிலவற்றில் ஒரே அசை இரண்டு தடவை. வாய் பழகாத குழந்தைக்கு இவை ரொம்ப வசதி, நம் பாட்டிகள் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்தவை. கூடவே "மம்மு, சாதம்" என்று நிஜச் சொல்லையும் சேர்த்துவிட்டால் போதும், கல்லூரியில் போய் யாரும் மம்மு கேட்பதில்லை.

இப்போது பத்து நொடி. உள்ளங்கையில் பருப்பு கடைகிற விளையாட்டு உங்களுக்குத் தெரியும். அவன் கையை விரித்து, முழங்கையால் கடைந்து, நெய் ஊற்றி, அப்பாவுக்கு ஒரு வாய், அக்காவுக்கு ஒரு வாய் என்று விரல் விரலாக மடக்கி, கடைசியில் நண்டு வருது, நரி வருது என்று இரண்டு விரலும் கை மேல் ஏறி அக்குளில் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டும். பத்துப் பதினைந்து தடவை முழுசாக விளையாடுங்கள், வரிசை அவனுக்கு மனப்பாடம் ஆகட்டும். அப்புறம் ஒரு நாள் நண்டை முழங்கை மடிப்பில் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, கண்ணை விரித்து அவனைப் பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை. நான்காவது நொடியில் உங்களுக்குத் தாங்காது, அவனுக்குப் பாவமாக இருக்கும், "சொல்லு சொல்லு" என்று நாக்கு துடிக்கும். விடாதீர்கள்.

என் மகன் முதல் நாள் என் விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி விரலைப் பார்த்தான். பிறகு என் விரலைப் பிடித்துத் தன் அக்குள் பக்கம் இழுத்தான். நான் உடனே "கிச்சுக்கிச்சு!" என்று ஏறிவிட்டேன். கையைப் பிடித்து இழுத்தது ஒரு பேச்சு, அதற்குப் பதில் கிடைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் இழுப்பதிலேயே போனது. ஒரு வாரம் கழித்து ஒரு ராத்திரி, தூங்க வைக்கும் நேரம், நண்டு முழங்கையில் நிற்கிறது, அவன் உடம்பை நெளித்துக்கொண்டே "கி" என்றான். அவ்வளவுதான், வெறும் "கி". அன்றைக்கு நாங்கள் இருவரும் எத்தனை தடவை நண்டு விட்டோம் என்று கணக்கே இல்லை, பக்கத்து அறையிலிருந்து அவன் அப்பா வந்து ஏன் இன்னும் தூங்கவில்லை என்று திட்டிவிட்டுப் போனார்.

இதையே நாள் முழுக்க அங்கங்கே நுழைக்கலாம். ஊஞ்சலை ஆட்டி, நிறுத்தி, காத்திருங்கள். சட்டை மாட்டும்போது தலை பாதியில் நிற்கட்டும். ஒன்று, ரெண்டு, என்று சொல்லிவிட்டு மூன்றை விட்டுவையுங்கள்.

எங்கள் வீட்டின் பெரிய சிக்கல், அவன் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது. ஃபிரிட்ஜ் பக்கம் கண்ணைத் திருப்பினால் நான்கு பேர் ஓடுவோம். பாசம்தான், ஆனால் அவன் வாயில் வர வேண்டிய சொல்லை நாங்களே பிடுங்கிக்கொண்டிருந்தோம். அதனால் பிஸ்கட்டை அவனால் திறக்க முடியாத கண்ணாடி போன்ற டப்பாவில் போட்டு, டப்பாவை அவன் கைக்கு எட்டும்படி வைத்தோம். தட்டுவான், கடிப்பான், கடைசியில் யாரிடமாவது கொண்டு வருவான். வாங்கிக்கொண்டு, பத்து நொடி. சத்தம் வந்தாலும் சரி, பார்வை வந்தாலும் சரி, "திற! திறந்தாச்சு" என்று கொடுத்துவிடுவோம். "சொன்னாத்தான் தருவேன்" என்று பட்டினி போடுவது வேறு, அதைச் செய்யாதீர்கள். அவன் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இரண்டு பொருளைக் காட்டி "வாழைப்பழமா, பிஸ்கட்டா?" என்று கேட்பதும் நல்லது, விடை கேள்விக்குள்ளேயே இருப்பதால் பயம் இல்லை.

புத்தகம் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் வீட்டில் அதிகம் உதவியது கல்யாண ஆல்பம். "தாத்தா தூங்குறார். சித்தி அழுறா. இது யாரு, அப்பாவா? தொப்பை இல்ல!" தெரிந்த முகங்கள் என்பதால் அவன் ஓடாமல் உட்கார்ந்தான். இதற்கெல்லாம் தனியாக வகுப்பு நேரம் ஒதுக்காதீர்கள், அரை மணி நேரம் பாய் போட்டு உட்கார்ந்தால் இருவருக்கும் வெறுத்துவிடும். குளியல், சாப்பாடு, துணி மடிப்பது, மாடிப்படி ஏறுவது, இவற்றில் ஐந்தைந்து நிமிடம் போதும். முகத்துக்கு நேர் முகமாக, அவன் உயரத்துக்கு நீங்கள் இறங்கி. வீட்டில் டிவி சும்மா ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஓடும்போது நாமே குறைவாகத்தான் பேசுகிறோம்.

ஃபோனைப் பற்றி நிறையத் திட்டு வாங்கியிருப்பீர்கள், நான் சேர்க்கவில்லை. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. வெளியூர்த் தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதை யாரும் இதில் சேர்ப்பதில்லை. ஃபோன் பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்பதற்கு நிரூபணம் இல்லை, எனவே அந்தக் குற்றவுணர்ச்சியை இறக்கி வையுங்கள். ஆனால் ஃபோன் உங்கள் குழந்தைக்காகப் பத்து நொடி காத்திருக்காது, அதுதான் அதன் குறை. ஆங்கிலப் பாட்டு முழுசாகப் பாடுகிறான், தண்ணீர் கேட்க வாய் வரவில்லை என்றால் அந்தப் பாட்டைப் பேச்சுக் கணக்கில் வைக்காதீர்கள்.

பேச்சு வரவில்லையா, தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு மொழி கேட்பதால் தாமதம் வருவதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் வருமோ அந்த மொழியில் பேசுங்கள். "பாப்பா வாட்டர் ட்ரிங் பண்ணு" என்பதைவிட "தண்ணி குடி" எவ்வளவோ மேல்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்வார்கள், பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். வேண்டாம். அதிகமாகக் கொடுத்து வாந்தியோடு குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதுண்டு. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசுவான் என்பதும் அப்படித்தான். ஒட்டிய நாக்கு சில ஒலிகளைத் தடுக்கலாம், சொற்களே வராமல் செய்யாது. வெட்டுவதற்கு முன் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் கருத்தைக் கேளுங்கள்.

தெரபி பிடிப்பது

எங்கள் முதல் அனுபவம் மோசம். பேர் வேண்டாம். பளபளவென்று இருந்த ஒரு மையம், மூன்று மாதத்துக்கு முன்பணம், பெற்றோர் வெளியே உட்கார வேண்டும், நாற்பத்தைந்து நிமிடம் கழித்து "நல்லா பண்றான் மேடம்". என்ன பண்ணினான் என்று கேட்டால் பதில் கிடையாது. கடைசியில் பார்த்தால் அந்த மேசையில், அந்த அட்டைகளைப் பார்த்து மட்டும், ஆங்கிலத்தில் ஏழெட்டு வண்டிப் பெயர் சொல்கிறான். தெருவில் லாரி வந்தால் பழையபடி "பூம்".

இரண்டாவதாகக் கிடைத்தவர் முதல் நாளே என்னை உள்ளே உட்கார வைத்தார். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைவிட எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அதிகம். வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் இவர் கையில் ஒன்றரை மணி நேரம். மீதி யார் கையில்? எனவே கேட்க வேண்டியவை: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், உங்கள் பதிவு எண் என்ன, நான் உள்ளே இருக்கலாமா, இந்த வாரம் வீட்டில் என்ன செய்ய வேண்டும், மூன்று மாதத்தில் எதைப் பார்த்து முன்னேற்றம் என்று சொல்வீர்கள். இதைக் கேட்டால் முகம் சுளிப்பவர் வேண்டாம். "ஆறே மாசத்துல பேச வச்சிடுவோம்" என்று கேரண்டி தருபவரும் வேண்டாம். விசில் ஊது, பலூன் ஊது, ஸ்பூனால் நாக்கைத் தேய் என்று அதிலேயே நேரத்தை ஓட்டினாலும் கேள்வி கேளுங்கள், ஊதுவதால் பேச்சு வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஊதுவது ஜாலி, அவ்வளவுதான்.

பேச ஆரம்பித்த பிறகு

என் மகனுக்குச் சொற்கள் வேகமாக வந்தது இரண்டே முக்கால் வயதுக்கு மேல்தான். வந்ததும் புதுக் கவலை தொடங்கியது, ஒன்றும் தெளிவாக இல்லை. தோராயமாக, வெளியாட்களுக்கு இரண்டு வயதில் பாதி புரிந்தால் போதும், மூன்றில் முக்கால்வாசி, நான்கில் கிட்டத்தட்ட எல்லாம். நான்கு வயதிலும் நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் மறுபடி போய்க் காட்டுங்கள்.

மூன்று வயதையொட்டி "நா நா நா நான்" என்று திக்கினால் பயப்படாதீர்கள், பலருக்கும் அது தானாகப் போய்விடும். "மெதுவாப் பேசு", "யோசிச்சுப் பேசு" என்று மட்டும் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசினால் போதும். மாதங்கள் ஆகியும் நீடித்தாலோ, பேசவே கஷ்டப்பட்டு முகத்தை இறுக்கினாலோ, வீட்டில் வேறு யாருக்காவது திக்குவாய் இருந்தாலோ தெரபிஸ்டிடம் போங்கள்.

ர, ற, ழ எல்லாம் கடைசியில் வருபவை. இவனுக்கு இப்போது நாலரை வயது, ரயில் இன்னும் "லயில்"தான். போன மாதம் அத்தை அவனை மடியில் வைத்துக்கொண்டு ழகரம் சொல்லிக் கொடுத்தார். "வாயப்பயம் இல்லடா ராசா, நல்லாச் சொல்லு, வாளப்பளம்."